விளக்கு ஒழுகுகிறதா? திரியைப் பாருங்கள்

தீபாவளி முடிந்து கார்த்திகை நெருங்கினால் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. இங்கே சிங்கப்பூரில் பிடிஓ என்கிற அரசாங்கத்துப் புது அடுக்குமாடி வீட்டுச் சாவி வாங்கியவர்கள், கல்யாணமான முதல் வருஷம் விளக்கேற்றுகிறவர்கள், இத்தனை நாள் அம்மா பார்த்துக்கொண்ட சாமி மேடை திடீரென்று தங்கள் தலையில் வந்து விழுந்தவர்கள் என்று ஆளாளுக்குப் படம் எடுத்து அனுப்புவார்கள். "ஆன்டி, ஏன் இப்படிக் கருகுது?" "ஆன்டி, அஞ்சு நிமிஷத்துல நின்னுடுது." கோயிலில் விளக்குத் தொண்டு செய்கிறேன், வீட்டில் உட்கார்ந்து திரி திரித்தும் கொடுக்கிறேன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் விளக்கேற்றக் கற்றுக்கொண்ட காலத்து என் சாமி மேடையைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்காதே, எரிகிற விளக்கை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போகாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் இல்லை. வருஷக்கணக்காக விளக்கேற்றுகிறவர்களே கவனிக்காத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். கிண்ணத்து நல்லெண்ணெயில் எரியும் தீக்குச்சியை முக்கினால் குச்சிதான் அணையும். எண்ணெய் பஞ்சு இழைகளின் இடுக்கு வழியாக ஏறி, நுனியில் சூடாகி, ஆவியான பிறகே சுடராகிறது. எண்ணெய் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தால் திரி சீக்கிரம் கருகாது. வரத்து நின்றால் அடுத்தது பஞ்சுதான் எரியும்.

தேய்த்த விளக்கில் மிச்சமிருக்கும் ஈரம்

வியாழக்கிழமை சாயங்காலம் புளி போட்டு விளக்கைத் தேய்ப்போம், கழுவுவோம், துணியால் ஒரு துடை துடைப்போம். வெள்ளிக்கிழமை எண்ணெய் ஊற்றி ஏற்றினால் படபடவென்று பொரிந்து அணைந்துவிடும். உடனே எண்ணெய்க் கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. குழியில் தங்கிய நாலு சொட்டும் எண்ணெய்க்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். திரியின் வால் கிடப்பதும் அங்கேதான். மேலே பளபளவென்று எண்ணெய் தெரியும், திரி உறிஞ்சுவது தண்ணீரை. தேய்த்த விளக்கைக் கவிழ்த்து வைத்து இரவு முழுவதும் காயவிடுங்கள். அவசரமென்றால் ஹேர் டிரையரை ஒரு நிமிஷம் காட்டுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

திரிக்கும் இதே கதைதான். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். பஞ்சு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பிரித்த திரிப் பாக்கெட்டைச் சாமி அலமாரியில் அப்படியே போட்டு வைக்காமல் மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள்.

பாலியெஸ்டர்

பஞ்சு என்ற பெயரில் விற்பதெல்லாம் பஞ்சு இல்லை. மருந்துக் கடையில் முகம் துடைக்க வாங்கும் வெள்ளை உருண்டைகளிலும் செயற்கை இழை கலந்தது உண்டு. ஒரு துணுக்கை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பஞ்சானால் காகிதம் எரிந்த வாசனையும் தொட்டால் உதிரும் சாம்பலும் வரும். பாலியெஸ்டரானால் உருகிச் சுருண்டு கறுப்பு மணி மாதிரி இறுகிவிடும். அது விளக்குக்கு ஆகாது.

மூக்குக்கு வெளியே தொங்கும் திரி

இதைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும். எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத எரிச்சல் இது.

"ஆன்டி, விளக்கு லீக் ஆகுது." எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். ராத்திரி விளக்கைக் குளிர வைத்துவிட்டுப் படுக்கிறார்கள். காலையில் பார்த்தால் குத்துவிளக்கின் தண்டு வழியாக எண்ணெய் வடிந்து அடித்தட்டில் நிற்கிறது, தட்டும் வழிந்து மேடையில் பரவியிருக்கிறது. பித்தளையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஓட்டை இல்லை. திரிதான் ராத்திரி முழுவதும் எண்ணெயை வெளியே கடத்துகிறது. திரியின் ஒரு முனை எண்ணெய்க்குள் கிடக்கிறது, இன்னொரு முனை விளக்கின் மூக்கைத் தாண்டி வெளியே தொங்குகிறது. வெளி முனை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் போதும், பஞ்சு எண்ணெயை உறிஞ்சி மூக்கின் மேல் ஏற்றி அந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாக இறக்கும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகும்வரை, அல்லது குழி வற்றும்வரை நிற்காது.

இது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் உண்டு. விளக்கு எரியும்போது நுனிக்கு வருகிற எண்ணெயைச் சுடர் குடித்துவிடும், வெளியே சொட்டு விழாது. சுடர் அணைந்த பிறகுதான் குடிக்க ஆளில்லாமல் வழியும். அந்த நேரத்தில் நாம் தூக்கத்தில் இருப்போம். காலையில் திரியை யாரும் சந்தேகப்படுவதில்லை, அது எப்போதும் போலத்தான் கிடக்கிறது.

பொங்கோலில் ஒரு பெண். அவள் பாட்டி ஊரிலிருந்து கப்பலில் வரும்போது கொண்டுவந்த குத்துவிளக்கு, உச்சியில் அன்னம் வைத்தது, நல்ல கனம். இரண்டு வாரம் தொடர்ந்து எண்ணெய் வழிந்ததும் அதைப் பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டாள். "லீக் ஆன விளக்கை வச்சிருந்தா வீட்டுக்கு ஆகாதுன்னு சொன்னாங்க ஆன்டி." யார் சொன்னார்களோ, அவர்கள் வாயில் அந்த எண்ணெயையே ஊற்ற வேண்டும். பிறகு கேம்பல் லேனில் புது விளக்கு வாங்கினாள். முதல் வாரமே அதுவும் ஒழுகியது. அப்போதுதான் எனக்குப் படம் வந்தது. அஞ்சு முகத்திலும் விரல் நீளத்துக்குத் திரி வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. விளக்கில் ஒரு குறையும் இல்லை, பாட்டி விளக்கிலும் இருந்திருக்காது. அதற்குள் அது எந்த உலையில் உருகியதோ.

விளக்கை இழக்காதவர்கள் மேடையை இழப்பார்கள். இங்கே சாமி அலமாரி பெரும்பாலும் ஒட்டுப்பலகை, மேலே லேமினேட். ஓர இடுக்கில் எண்ணெய் இறங்கினால் பலகை ஊறி, லேமினேட் கொப்புளம் போட்டு எழும்பும். துடைத்தால் போகாது, தச்சரைக் கூப்பிட்டு மேல் பலகையையே மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் குடித்த பலகைக்கு மேல்தான் தினமும் நெருப்பு வைக்கிறோம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

எரியும்போதும் ஆபத்து உண்டு. நீளமான திரி நுனி மூக்குக்குக் கீழே சாய்ந்தால் சுடரும் கீழே இறங்கும், பித்தளையின் வெளிப்பக்கம் சூடேறும். அங்கே ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவும் பிடித்துக்கொள்ளும். ஒற்றைச் சுடர் திடீரென்று கை அகலத்துக்கு விரிவதை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்வது? திரி மூக்கின் விளிம்பில் படுக்க வேண்டும், நுனி மேல்நோக்கி நிற்க வேண்டும். வெளியே தெரிவது ஓர் உளுந்து அளவு இருந்தால் போதும். எண்ணெயை விளிம்புவரை ஊற்றாதீர்கள், ஒரு விரற்கடை குறைவாகவே இருக்கட்டும். நிறைய ஊற்றினால்தான் நிறைவு என்று நினைக்கிறவர்கள் அடிக்கடி ஊற்றுங்கள், நிறைவும் இருக்கும், மேடையும் தப்பும்.

குளிர வைக்கும் விதமும் முக்கியம். பூவால் சுடரை அமர்த்திவிட்டுத் திரியை வெளியிலேயே விட்டுவிடுவதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய ஆட்கள் தூண்டுகோலால் திரியைப் பின்னுக்கு இழுத்து எண்ணெய்க்குள் அமிழ்த்துவார்கள். சுடரும் அடங்கும், திரியும் உள்ளே போய்விடும், வழிவதற்கு வழியே இல்லை. பூவால் அமர்த்துவதுதான் உங்கள் வீட்டு வழக்கமென்றால் அப்படியே செய்யுங்கள், பிறகு திரியை மட்டும் உள்ளே இழுத்து விடுங்கள்.

இதற்குப் பிறகும் ஒழுகினால் விளக்கைச் சோதிக்கலாம். திரியே போடாமல் எண்ணெய் ஊற்றி, டிஷ்யூ பேப்பரின் மேல் ஓரிரவு வையுங்கள். டிஷ்யூ காய்ந்திருந்தால் விளக்கின் மேல் பழியில்லை. நனைந்திருந்தால் முதலில் மரையைப் பாருங்கள். குத்துவிளக்கு துண்டு துண்டாகத் திருகிப் பூட்டுவது, எண்ணெய்த் தட்டின் நடுவில் மரை ஓடும். சரியாக இறுகாவிட்டால் அந்த வழியாகக் கசியும். கழற்றித் துடைத்து, மரையில் நூல் சுற்றி இறுக்கினால் பல விளக்குகளில் நின்றுவிடும். விளக்கு சாய்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். கொஞ்சமாக எண்ணெய் ஊற்றும்போது எந்த முகத்துக்கு முதலில் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. இவ்வளவும் பார்த்த பிறகு பித்தளைக் கடைக்கு எடுத்துப் போங்கள். தயவுசெய்து காராங் கூனிக்குக் கொடுக்காதீர்கள்.

இறுக்கி முறுக்குவது

கெட்டியாகத் திரித்தால் நின்று எரியும் என்று நினைக்கிறார்கள். இழைக்கும் இழைக்கும் நடுவே இடுக்கே இல்லாமல் முறுக்கினால் எண்ணெய் எதன் வழியாக ஏறும்? நுனி கருகும், கரி கட்டும், அணையும். தொடையில் வைத்து இரண்டு உருட்டு உருட்டினால் போதும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், கயிறு மாதிரி இருக்கக் கூடாது. வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் துளி விபூதி தொட்டுக்கொள்வது சரி, திரியே விபூதி நிறமாகும் அளவுக்குப் பூச வேண்டாம். மஞ்சள், குங்குமம் தோய்த்த திரியும் இப்படித்தான், அந்தப் பொடி நுனியில் போய் அடைத்துக்கொள்ளும்.

தூக்கு விளக்கின் குறுகிய குழாய்க்குள் குத்தித் திணிக்கிற திரிக்கும் இதுவே கதி. இழுத்தால் லேசாக நகர வேண்டும்.

காய்ந்த திரியை ஏற்றுவது

எண்ணெயில் ஊறாத நுனியில் நெருப்பு வைத்தால் எரிவது பஞ்சு. முழுத் திரியையும் எண்ணெயில் முக்கி, லேசாகப் பிழிந்து, பிறகு வையுங்கள்.

புகைக்கு அலாரத்தைப் பழிப்பது

2018 ஜூன் 1 முதல் இங்கே புது வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அதனால் பிடிஓ வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் தலைமுறைக்கு இல்லாத ஒரு பிரச்சினை, விளக்கேற்றினால் அலாரம் கத்துகிறது. ஒரு வீட்டில் கருவிக்கு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். கேட்டால், "வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஆன்டி." பை மாசக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கிறது, மேலே தூசி படிந்திருந்தது.

நல்ல சுடருக்கு அவ்வளவு புகை வராது. திரி நுனி வெளியே நீண்டிருந்தால் அல்லது தடித்திருந்தால், காற்று எரிக்க முடிவதைவிட அதிகமாக எண்ணெய் ஆவியாகும். எரியாமல் மிஞ்சுவதுதான் கரிப்புகை. நுனியைப் பாதியாகக் குறையுங்கள், கட்டிய கரியைத் தட்டி விடுங்கள், தலைக்கு மேலே சுழலும் ஃபேனை நிறுத்துங்கள். சுடர் அசையாமல் நின்றால் புகை தானே குறையும். அப்படியும் கத்தினால் மேடையைக் கருவியிலிருந்து தள்ளி வையுங்கள். பையைக் கழற்றுங்கள், இன்றைக்கே.

விளக்கெண்ணெய்

அறை வெப்பத்தில் நல்லெண்ணெயைவிடப் பத்து மடங்கு வாக்கில் கெட்டியானது. மெல்லிய நூல் திரியில் ஏறாது. தளர்வான பஞ்சுத் திரி போடுங்கள், அல்லது நல்லெண்ணெய் கலந்து ஊற்றுங்கள்.

ஏர்கான் அறையில் தேங்காயெண்ணெய்

24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஏர்கானை நிறுத்துங்கள், இல்லையென்றால் எண்ணெயை மாற்றுங்கள்.

மண்ணெண்ணெய்

கூடவே கூடாது.

பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது

எண்ணெய்த் தீயில் விழும் தண்ணீர் அடிக்குப் போய் நொடியில் ஆவியாகும். ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், எரிகிற எண்ணெயையும் வாரி வெளியே எறியும். சாமி மேடைக்குக் கீழே ஒரு பழைய பானை மூடி வைத்திருங்கள், அதைக் கவிழ்த்தால் காற்றில்லாமல் அடங்கும். ஆறும்வரை திறந்து பார்க்காதீர்கள். கைமீறிப் போனால் தீயணைப்புக்கு 995.

எரிந்த திரியை மாடியிலிருந்து குப்பை போடும் குழாயில் போடுவது

விளக்கு குளிர்ந்த மாதிரி தெரியும், கரிந்த நுனிக்குள் கங்கு இருக்கும். கீழே தொட்டியில் பத்து மாடிக் குப்பை, காகிதமும் பிளாஸ்டிக்கும். கழித்த திரிகளை ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வைத்து, மறுநாள் காலையில் பையில் கட்டிப் போடுங்கள். மிஞ்சிய பழைய எண்ணெயையும் சிங்க்கில் கொட்ட வேண்டாம், டிஷ்யூவில் உறிஞ்சி அதே பையில் சேர்த்துவிடலாம்.