பாய்மரப் படகின் ஓட்டோபைலட்டை ஜீபிஎஸ்ஸுடன் இணைக்கும் முறை

நுவரெலியா கிரகரி ஏரியிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ படகை இறக்குமுன், வீட்டு மேசையிலேயே 12 வோல்ட் பற்றரியில் ஓட்டோபைலட் (சுக்கானைத் தானாகத் திருப்பும் கருவி), ஜீபிஎஸ் இணைப்பைச் சோதித்துவிடுங்கள்.

இரண்டு கருவியிலும் என்எம்இஏ 0183 (படகுக் கருவிகள் தகவல் பரிமாறும் ஒரு முறை) இருந்தால் இரண்டு வயர் போதும்: ஜீபிஎஸ்ஸின் வெளியீடு ஏ, ஓட்டோபைலட்டின் உள்ளீடு ஏ-க்கு; அதேபோல் பி-யை பி-க்கு. வயரின் நிறத்தை நம்பவே வேண்டாம், கம்பனிக்குக் கம்பனி மாறும், கையேட்டைப் பாருங்கள். ஜீபிஎஸ்ஸில் ஒரே வெளியீட்டு வயர் இருந்தால், ஓட்டோபைலட்டின் பி-யை ஜீபிஎஸ்ஸின் மைனஸோடு சேருங்கள். தகவல் வேகம் இரு பக்கமும் 4800 பாட் ஆக இருக்கட்டும்.

வயர் சரி, ஆனால் ட்ராக் மோட்டை (ஜீபிஎஸ் காட்டும் பாதையில் தானாகச் செல்லும் முறை) ஓட்டோபைலட் ஏற்கவில்லையா? பெரும்பாலும் ஜீபிஎஸ்ஸில் போகவேண்டிய இடத்தைத் தெரிவு செய்திருக்கமாட்டீர்கள். இலக்கு இல்லாமல், எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என ஓட்டோபைலட்டுக்குச் சொல்லும் ஏபிபி தகவல் வராது.

கருவிகளில் என்எம்இஏ 2000 (எல்லாக் கருவிகளையும் ஒரே கேபிளில் இணைக்கும் முறை) என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரு தரவு வயர்களுக்கிடையே ஓம் அளக்கும் மல்டிமீற்றரை வையுங்கள். 60 ஓம் காட்டவேண்டும். 120 என்றால் ஒரு முனையில் டெர்மினேட்டர் (கேபிளின் முனையில் பொருத்தும் மின்தடை) இல்லை. 40 என்றால் ஒன்று கூட.

ஓட்டோபைலட்டின் திசைகாட்டி, ஸ்பீக்கர், எஞ்சின் ஆகிய இரண்டிலிருந்தும் 1 மீற்றராவது தள்ளி இருக்கட்டும்.

மலைநாட்டுப் பனிமூட்டத்தில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். வெள்ளீயம் பூசிய வயரும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க்கும் (சூடாக்கினால் சுருங்கி வயரை மூடும் குழாய்) கட்டாயம் போடுங்கள். ஓட்டோபைலட்டுக்குக் கரை தெரியாது. காசல்ரீயின் வளைவுகளில் சுக்கானை விட்டு நகராதீர்கள்.