இரண்டாவது ஏலத்தில்தான் சறுக்கினேன்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் என் முதல் ஏலம், அதாவது எந்த இனம் துருப்பு, எத்தனை டிரிக் (ஜெயிக்கும் சுற்று) எடுப்போம் என்ற அறிவிப்பு, எப்போதும் சரியாகவே இருக்கும். கூட்டாளி பதில் சொன்ன பிறகுதான் வம்பு.

ஒரு கை இன்னும் நினைவில் இருக்கிறது. டைமனில் ராஜா, ராணி, ஜாக்கியோடு 5 சீட்டு, ஆட்டினில் ஏஸ், ராணியோடு 4. மற்ற இரண்டிலும் வெறும் இரண்டிரண்டு சில்லறை. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று மொத்தம் 12 புள்ளி. 1 டைமன் என்றேன், கூட்டாளி 1 ஸ்பேடு என்றார். ஆட்டின் இருக்கிறதே, காட்டிவிடலாம் என்று 2 ஆட்டின் சொன்னேன். அவர் 10 புள்ளியோடு நேராக 3 நோ டிரம்ப் (துருப்பே இல்லாமல் 9 டிரிக்) போனார். கிளாவரிலேயே எதிரணி 5 டிரிக் அள்ளியது, 13-இல் எங்களுக்கு 9 கிடைக்க வழியில்லை.

அப்புறம்தான் புரிந்தது. நான் சொன்னது 'ரிவர்ஸ்': முதலில் சொன்ன இனத்தைவிட உயர்ந்த இனத்தை 2-ஆம் மட்டத்தில் காட்டும் ஏலம். அவர் டைமனுக்குத் திரும்ப வேண்டுமானால் 3-ஆம் மட்டத்துக்கு ஏற வேண்டும், அதாவது 6-உடன் 3 சேர்த்து 9 டிரிக். அந்தச் சுமையை என் கை தாங்க 17 புள்ளியாவது வேண்டும். 12-ஐ வைத்துக்கொண்டு 17 என்று புளுகியிருக்கிறேன்!

இப்போது வாயைத் திறக்கும் முன்பே இரண்டாவது ஏலத்தையும் யோசித்துவிடுகிறேன். இதே கைக்கு 2 டைமன் போதும். 12–14 புள்ளி, சமநிலைக் கை (நான்கு இனமும் ஏறக்குறைய சமமாக உள்ள கை) என்றால் 1 நோ டிரம்ப். அதே கையில் 18–19 என்றால் 2 நோ டிரம்புக்குத் தாவல். புள்ளி எல்லையைச் சொல்லிவிட்டால் கணக்குப் போடுவது கூட்டாளியின் வேலை. ஆட்டினை மறைக்க மனசு வராதுதான். ஆனால் அவரிடமும் 4 ஆட்டின் இருந்து, கையில் பலமும் இருந்தால், அவரே சொல்வார்.