பழைய ஜீப் செரோக்கீ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் "போச்சு"ன்னு சொன்னா, எறக்குறதுக்கு முன்னாடி நீங்களே பாக்க வேண்டியது

இருபது இருபத்தஞ்சு வருஷ வண்டி, கியர் ஒழுங்கா மாறல, ஒர்க்‌ஷாப்ல விட்டா பத்து நிமிஷத்துல "கியர்பாக்ஸ் போச்சு சார், எறக்கி ரீபில்ட் பண்ணணும்"னு சொல்லிடறாங்க. அந்த ஒரு வார்த்தைய நம்பி நல்ல வண்டிய காயலான் கடைக்கு அனுப்பினவங்கள எனக்கே தெரியும், நெனச்சாலே வயிறு எரியுது. அதனாலதான் உக்காந்து இத எழுதறேன். நான் வச்சிருக்கறது 1998 செரோக்கீ, 4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஏடபிள்யூ4 கியர்பாக்ஸ். 1987ல இருந்து 2001 வரைக்கும் இந்த வண்டில வந்தது இதுதான், ஜப்பான்ல ஐசின் வார்னர் பண்ணின 4 ஸ்பீட் பாக்ஸ். டொயோட்டா 4ரன்னர்ல எல்லாம் வந்த ஏ340க்கு நெருங்கின சொந்தம். ஆயில் மட்டும் நேரத்துக்கு மாத்தினா 2 லட்சம் மைல் தாண்டியும் ஓடும், லேசுல சாகற சாமான் இல்ல.

என் வண்டில வந்த பிரச்சனை இதுதான்: டி-ல போட்டா ஃபர்ஸ்ட் எடுக்கும், செகண்டுக்கு மாறும், அதுக்கு மேல ஏறவே ஏறாது, 40 மைல் வேகத்துல எஞ்சின் கத்தும். சில நாள் நல்லா ஓடும், மழை பேஞ்சா மறுபடி ஆரம்பிச்சிடும். ஒர்க்‌ஷாப்ல மூவாயிரம் டாலருக்கு மேல எஸ்டிமேட் குடுத்தாங்க. ஒருத்தர் கூட ஆயில் குச்சிய உருவிப் பாக்கல.

நீங்க அங்கதான் ஆரம்பிக்கணும். வண்டிய ஒரு 20 நிமிஷம் ஓட்டி சூடாக்கி, சமதரைல நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே மேனுவல்ல சொல்லிருக்கற லிவர் பொசிஷன்ல வச்சு குச்சிய எடுங்க. எஞ்சின நிறுத்திட்டு பாத்தா அளவு தப்பா காட்டும். ஒரு சொட்ட வெள்ள டிஷ்யூல விட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பாருங்க. சிவப்பா பரவினா நல்லது. பழுப்பா இருந்தா வயசாயிடுச்சு, மாத்தணும். கருப்பா இருந்து அடிப்பிடிச்ச வாசம் வந்தா உள்ள கிளட்ச் தகடு எரிஞ்சிருக்கு. ரோஸ் மில்க் மாதிரி கலங்கி இருந்தா ரேடியேட்டருக்குள்ள இருக்கற ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துடுச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் அந்த வண்டிய ஒரு மைல் கூட ஓட்டாதீங்க, தகட்டுல இருக்கற பசையே கரைஞ்சிடும். அளவு கம்மியா இருக்கு ஆனா கீழ ஒழுகலன்னா டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸுக்குப் பின்னாடி, முன் பின் சக்கரங்களுக்கு சக்திய பிரிச்சுக் குடுக்கற பெட்டி) ஆயில் ஊத்தற பிளக்க கழட்டிப் பாருங்க, கொடகொடன்னு கொட்டினா நடுவுல இருக்கற சீல் போய் கியர்பாக்ஸ் ஆயில் அந்தப் பக்கம் போயிருக்கு. ரெண்டுலயும் ஊத்தறது சிவப்பு ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), அதனால கலர வச்சு கண்டுபிடிக்க முடியாது. நெறைய பேர் இத கவனிக்கறதே இல்ல.

அடுத்தது, வண்டி நகரவே மாட்டேங்குதுன்னா கோளாறு கியர்பாக்ஸ்லதானான்னு மொதல்ல உறுதி பண்ணிக்கோங்க, ஃபோர் வீல் டிரைவ்ல இது ரொம்ப முக்கியம். டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர் லிங்கேஜ் தேஞ்சு போய், லிவர் 2-வீல்ல இருக்கற மாதிரி தெரியும், உள்ள நியூட்ரல்ல நிக்கும். ஃபோர் ஹைல (நாலு சக்கரமும் இழுக்கற சாதா வேக பொசிஷன்) போட்டா முன் சக்கரம் இழுத்து வண்டி நகருது, டூ வீல்ல நகரலன்னா பின்னாடி ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், ஆக்ஸில் பக்கம் தேடுங்க, கியர்பாக்ஸ் மேல தப்பில்ல. ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க, டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல்ல இருந்தா கியர் லிவர் பார்க்ல இருந்தாலும் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக் போட்டு சக்கரத்துக்கு கட்ட வைக்காம வண்டிக்கு அடில போகவே போகாதீங்க.

இப்ப முக்கியமான டெஸ்ட்டுக்கு வரேன். இதுக்கு ஸ்கேனர் வேணாம், மீட்டர் வேணாம், ஒரு ஃபியூஸ பிடுங்கத் தெரிஞ்சா போதும். இந்த பாக்ஸ்ல எந்த கியர்னு முடிவு பண்றது ரெண்டு சாலினாய்டு (கரன்ட்ல வேலை செய்யற வால்வு), டேஷ்போர்டுக்கு அடில இருக்கற கம்ப்யூட்டர் அதுக்கு கரன்ட் குடுத்து கட் பண்ணி கியர் மாத்துது. ரெண்டுக்கும் கரன்ட் இல்லன்னா டி-ல நேரா ஃபோர்த் விழும். அந்த கம்ப்யூட்டருக்கு போற ஃபியூஸ எடுத்துட்டா பாக்ஸ் வெறும் மெக்கானிக்கல் ஆயிடும்: லிவர் '1-2'ன்னு போட்டிருக்கற எடத்துல ஃபர்ஸ்ட், 3ல தேர்ட், டி-ல ஃபோர்த், ரிவர்ஸ் எப்பவும் போல. செகண்ட் கெடைக்காது. எந்த ஃபியூஸ்னு உங்க வருஷத்து வயரிங் டயகிராம்ல பாத்துக்கோங்க. காலி ரோட்டுல 1-2ல கெளப்பி, 20 மைல் வேகம் வந்ததும் 3, அப்புறம் 40 தாண்டினதும் டி-ன்னு நீங்களே கையால மாத்தி ஓட்டுங்க. வேகமா போகும்போது மட்டும் தப்பித்தவறி லிவர 1-2க்கு இழுத்துடாதீங்க, ஃபர்ஸ்ட் விழுந்து எஞ்சின் எகிறிடும்.

மூணு கியரும் வழுக்காம கெட்டியா பிடிச்சா உள்ள இருக்கற கிளட்ச், பம்ப் எல்லாம் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு, கோளாறு கரன்ட் சைடுல. என் வண்டில ஃபியூஸ எடுத்துட்டு ஓட்டினப்ப தேர்டும் ஃபோர்த்தும் அவ்ளோ அழகா விழுந்துச்சு, ஓட்டிட்டு இருக்கும்போதே எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, மூவாயிரம் டாலருக்கு எறக்க இருந்த பாக்ஸ் இது.

கரன்ட் சைடுன்னு தெரிஞ்சதும் மொதல்ல பாக்க வேண்டியது நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச். கியர்பாக்ஸோட வலது பக்கம் வெளில தொங்கும், ரோட்டு சேறு, தண்ணி, பனிக்கு போடற உப்பு எல்லாம் அது மேலதான் அடிக்கும். லிவர் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு சொல்றதே அதான். பார்க்ல ஸ்டார்ட் ஆகல ஆனா நியூட்ரல்ல ஆகுது, ரிவர்ஸ் லைட் சில நேரம் எரியல, இந்த மாதிரி இருந்தா சந்தேகமே வேணாம். எனக்கு ரிவர்ஸ் லைட் ஆறு மாசமா விட்டு விட்டு எரிஞ்சுது, பல்பு லூஸுன்னு விட்டுட்டேன். சுவிட்ச கழட்டி மூடியத் திறந்தா உள்ள கிரீஸ் காஞ்சு கருப்பு மெழுகு மாதிரி இறுகிப் போய், செம்பு தடம் முழுக்க பச்சையா களிம்பு ஏறி, ஒரு தடத்துல இருந்து பக்கத்து தடத்துக்கு பாலம் கட்டின மாதிரி இருந்துச்சு. அது வழியா கரன்ட் கசிஞ்சு, லிவர் டி-ல இருந்தாலும் 1-2ல இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு சேதி போயிருக்கு, அது பாவம் செகண்டோட நிறுத்திக்கிச்சு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, மெல்லிசான உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு, கரன்ட் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடினேன். ஒரு மத்தியானம் ஆச்சு, அவ்ளோதான்.

அது சுத்தமா இருந்தா மத்ததையும் பாருங்க. த்ராட்டில் பொசிஷன் சென்சார் (ஆக்சிலரேட்டர எவ்ளோ மிதிச்சிருக்கோம்னு சொல்றது) வோல்டேஜ் 1991ல இருந்து வந்த வண்டில ஐடில்ல 1 வோல்ட்டுக்கு கீழ இருந்து, ஆக்சிலரேட்டர மெதுவா மிதிக்க மிதிக்க எங்கயும் குதிக்காம ஏறணும். சாலினாய்டு ஒவ்வொண்ணும் 11ல இருந்து 15 ஓம் காட்டணும். டாப் கியர்ல 50 மைல்ல சீரா போகும்போது இடது காலால பிரேக்க தொட்டும் தொடாம மிதிச்சா ஆர்பிஎம் கொஞ்சம் ஏறணும், அது லாக்கப் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்காம நேரா பூட்டற கிளட்ச்) விடுபடறது. ஏறவே இல்லன்னா லாக்கப் விழவே இல்ல, அதுக்கு பிரேக் பெடல் சுவிட்ச் கூட காரணமா இருக்கலாம்.

ஃபியூஸ எடுத்த பிறகும் வழுக்குதுன்னா இப்பதான் கவலைப்படணும், அப்பவும் த்ராட்டில் பாடில இருந்து கியர்பாக்ஸுக்கு போற கேபிள பாத்துடுங்க. அது தளர்ந்தா உள்ள பிரஷர் கம்மியாகி கிளட்ச் வழுக்கும், அப்படியே ஓட்டினா நல்ல தகடும் எரிஞ்சிடும். அட்ஜஸ்ட் பண்ண அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் பிரேக்க அழுத்திட்டு நியூட்ரல்ல இருந்து டி-ல போடுங்க, 1.2 செகண்டுக்குள்ள பிடிக்கணும், ரிவர்ஸ் 1.5 செகண்டுக்குள்ள. ரெண்டுமே லேட்டானா பிரஷர் கம்மி, டி மட்டும் லேட்டானா வண்டிய முன்னாடி ஓட்டற ஃபார்வர்டு கிளட்ச் மேல சந்தேகப்படலாம். கடைசியா ஆயில வடிச்சு கியர்பாக்ஸ் அடில இருக்கற ஆயில் பேன எறக்குங்க, அதுக்குள்ள இருக்கற காந்தத்துல சாம்பல் நிறத்துல மாவு மாதிரி ஒட்டியிருந்தா வயசுக்கு சகஜம், மினுமினுன்னு உலோகத் துண்டோ கருப்பு தகட்டுப் பொடியோ குமிஞ்சிருந்தா ரீபில்டுக்கு மனச தயார் பண்ணிக்கலாம், அதுல ஒர்க்‌ஷாப்காரங்க சொல்றது சரிதான்.

சுவிட்ச திருப்பி மாட்டும்போது ஒண்ணு, லிவர நியூட்ரல்ல வச்சு சுவிட்ச்ல இருக்கற கோட்டையும் ஷாஃப்ட்டையும் நேரா வச்சுதான் போல்ட்ட இறுக்கணும், கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பழைய கதைதான். எஞ்சின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன்ல வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, லிவர ரிவர்ஸ்ல தள்ளிட்டு எறங்கிப் போய் பின்னாடி லைட் எரியுதான்னு பாத்துட்டு அப்புறம் ஃபியூஸ மாட்டுங்க.