அரைவயிற்றில் நிற்கவிடாதீர்கள்: டிரெய்லர் பேட்டரியைப் பராமரிக்கும் முறை

கனடாவின் கேல்கரியில், முகாமுக்கு இழுத்துப் போய்த் தங்கும் டிரெய்லரைப் புதிதாக வாங்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த பேட்டரி வாங்கலாம்?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஊர் சுற்றிவிட்டு வந்ததும் அந்த பேட்டரியை எத்தனை மணி நேரம் சார்ஜில் போட்டு வைப்பீர்கள்? அதைச் சரியாகச் செய்தால் சாதாரண பேட்டரியே ஆறேழு வருடம் உழைக்கும். செய்யாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இரண்டு கோடை தாங்குவதே பெரிது.

அப்பா திண்டுக்கல்லில் லாரி, டிராக்டர் பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். மரப் பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேட்டரி வரிசையாக இருக்கும். மூடியைக் கழற்றி வைத்திருப்பதால் உள்ளே குமிழ் விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்தில் கொடுங்கள், லோடு ஏற்றப் போகணும் என்று யாராவது அவசரப்படுத்தினால், "அரைவயிற்றோடு அனுப்பினா அது திரும்ப என்கிட்டதான் வரும்" என்பார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

சார்ஜ் இறங்கும்போது, பேட்டரிக்குள் ஆசிட்டில் மூழ்கியிருக்கும் ஈயத் தகடுகளின் மேல் ஈயச் சல்பேட் படிகிறது. சீக்கிரமே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து மறுபடி ஆசிட்டோடு சேர்ந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டியான படிகமாக இறுகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. அந்த அளவுக்குத் தகடு வேலைக்கு ஆகாது. ஓடித் தேய்கிற பேட்டரியைவிட இப்படிப் பசியோடு நின்றே சாகிற பேட்டரிதான் அதிகம்.

கார் பேட்டரியை டிரெய்லரில் மாட்டக் கூடாது. அது இன்ஜினைக் கிளப்பச் சில விநாடி நிறைய மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்தது, தகடு மெலிசு. டிரெய்லருக்கு வேண்டியது டீப் சைக்கிள் பேட்டரி, அதன் தகடு தடிமன். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு மறுபடி நிரம்பும். என்னிடம் இருப்பவை டிரோஜன் டி-105, கோல்ஃப் வண்டிக்குப் போடும் 6 வோல்ட் பேட்டரி இரண்டு. ஒன்றின் பிளஸ்ஸையும் மற்றொன்றின் மைனஸையும் சேர்த்தால் 12 வோல்ட், 225 ஆம்பியர்-அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு). கடையில் 'மரைன்' (படகுக்கானது) என்று ஒட்டி விற்கும் 12 வோல்ட் பேட்டரிகளில் பல, இரண்டு வேலையும் பார்க்கும் நடுத்தர ரகம். அவற்றைவிட இந்த 6 வோல்ட் ஜோடிதான் எனக்குப் பிடித்தது.

225 என்று எழுதியிருந்தாலும் அதில் பாதிதான் நம்முடையது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குக் கீழே இறக்க இறக்க ஆயுள் குறையும்.

பாதி வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டிரெய்லர் சுவரில் நாலு விளக்கு எரியும் ஒரு பலகை இருக்குமே, அதை நம்ப வேண்டாம். வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜரும் ஓடாமல், விளக்கும் எரியாமல், சில மணி நேரம் பேட்டரி சும்மா இருந்த பிறகு அளக்க வேண்டும். 12.7 வோல்ட் காட்டினால் முழுவயிறு. 12.1 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் அன்றைக்கே சார்ஜ் போட்டாக வேண்டும். சார்ஜரைக் கழற்றிய உடனே அளந்தால் 13க்கு மேலேகூடக் காட்டும்; அது மேலோட்டமான சார்ஜ், கணக்கில் சேராது.

இதைவிட நம்பகமானது கிராவிட்டி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட ஆசிட்டின் அடர்த்தி, பார்ப்பது. அதை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் (பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி அறை) விட்டு ஆசிட்டை இரண்டு மூன்று தடவை உறிஞ்சி விட்டுவிட்டு, அப்புறம் அளவு எடுங்கள். என் பேட்டரியில் முழுச் சார்ஜுக்கு 1.277 வர வேண்டும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமாக இருந்தது, அப்பா கடையில் 1.240 வந்தாலே முழுச் சார்ஜ் என்று இறக்கி வைப்பார்கள். வெப்பமான ஊர்களில் தகடு சீக்கிரம் அரிக்கக் கூடாது என்பதற்காக ஆசிட்டைக் கொஞ்சம் நீர்த்துத்தான் ஊற்றுவார்கள். குளிர் நாட்டுக்குக் கெட்டி ஆசிட். எல்லா செல்லும் ஒரே மாதிரி இருந்து, ஒன்றில் மட்டும் 0.050 குறைந்தால் அந்த செல் அடிவாங்கிவிட்டது என்று பொருள். வோல்ட் மீட்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு இது கடைசிவரை தெரியவே தெரியாது.

இனி சார்ஜ் போடும் கதை. மூன்று கட்டம். முதலில் சார்ஜர் தன்னால் முடிந்த ஆம்பியரைத் தள்ளும், வோல்ட் மெல்ல ஏறும். 80 சதவீதம் வரை இது வேகமாக நடக்கும். அடுத்து வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்திவைக்கும், ஆம்பியர் தானாகக் குறைந்துகொண்டே வரும். இந்த இரண்டாவது கட்டத்தில்தான் கடைசி 20 சதவீதம் ஏறுகிறது, அதற்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். ஆட்கள் பொறுமை இழப்பதும் இங்கேதான். மூன்றாவது, 13.2 முதல் 13.5 வோல்ட்டில் சும்மா தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது.

கரண்டில் செருகியதும் அதை 12 வோல்ட்டாக மாற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவிதான் கன்வர்ட்டர். டிரெய்லரோடு வரும் கன்வர்ட்டர்களில் பல இரண்டாவது கட்டத்தைச் சரியாகச் செய்வதில்லை. எங்கள் 2016 டிரெய்லரில் இருந்தது எப்போது அளந்தாலும் 13.6 வோல்ட்டிலேயே நின்றது. அந்த அளவில் பேட்டரி நிரம்ப நாள்கணக்கில் ஆகும். நீர் ஊற்றும் ஈய பேட்டரிக்கு 14.4 முதல் 14.8 வரை ஏற வேண்டும். உங்கள் பேட்டரி பாதியில் இருக்கும்போது கரண்டில் செருகிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட்டரி முனையிலேயே அளந்து பாருங்கள். 14.4ஐத் தொடவே இல்லையென்றால் கன்வர்ட்டரை மாற்றுங்கள். நான் புரோகிரஸிவ் டைனமிக்ஸ் கன்வர்ட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். அது 14.4, 13.6, 13.2 என்று தானாக இறங்கும். சும்மா நிற்கும் காலத்தில் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் 14.4க்கு ஏற்றி ஆசிட்டைக் கலக்கிவிடும். சார்ஜ் போடும் ஆம்பியர், பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து சற்று மேலே இருந்தால் நல்லது. என் ஜோடிக்கு 22 முதல் 29 ஆம்பியர். குளிர் கூடினால் வோல்ட்டும் கூட வேண்டும்: 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் 0.03 வோல்ட். வெப்பத்தை உணரும் ஒயர் உள்ள சார்ஜர் இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் என்னால் விட்டுக்கொடுக்கவே முடியாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னாடியே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் கொஞ்சம் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள். மூடிக்குக் கீழே உள்ள கழுத்து வளையத்தின் அடிப்பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். கோடையில் நான் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பேன்.

திறப்பதற்கு முன்னால் மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் சட்டைகளில் எல்லாம் பொடிப்பொடியாக ஆசிட் ஓட்டை இருக்கும். கண்ணில் விழுந்திருந்தால் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். அதனால் பேட்டரிப் பெட்டியின் காற்றுத் துளையை அடைக்கக் கூடாது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள், மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆசிட்டைக் கெடுத்துவிடும்.

செல்களின் கிராவிட்டி ஒன்றுக்கொன்று விலக ஆரம்பித்தால் ஈக்வலைஸ் செய்யலாம். முழுச் சார்ஜுக்கு அப்புறமும் வேண்டுமென்றே 15.5 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றிக் கொதிக்கவிடுவது அது. பேட்டரியை டிரெய்லரிலிருந்து கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும், அவ்வளவு வோல்ட்டை உள்ளே இருக்கும் மின்னணுப் பலகைகள் தாங்காது. எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு உங்கள் பேட்டரித் தயாரிப்பாளர் சொல்லும் அளவுதான் கணக்கு. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஏஜிஎம், ஜெல் என்ற மூடிய ஈய பேட்டரிகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது. லித்தியத்துக்கு இது கிடையவே கிடையாது. லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள்.

பான்ஃபில் டூ ஜாக் மெயின் முகாம் மாதிரி கரண்ட் இல்லாத இடங்களில் தங்கினால் பேட்டரியைத் தின்பது விளக்கு இல்லை, டிரெய்லரைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றாடி. எங்களுடையது 7 ஆம்பியர் இழுக்கிறது. செப்டம்பர் இரவில் மணிக்குக் கால் மணி நேரம் ஓடினாலும் பத்து மணி நேரத்தில் 17 ஆம்பியர்-அவருக்கு மேல் போய்விடும். வண்டி ஓட்டும்போது டிரெய்லரை இழுக்கும் டிரக்கிலிருந்து சார்ஜ் ஏறிவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒயர் மெலிசு, தூரம் அதிகம், வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். நாங்கள் செய்வது இது: ஜெனரேட்டருக்கு அனுமதித்த நேரத்தில், காலையில் எழுந்ததும் ஓட்டி 80 சதவீதம் வரை ஏற்றுவோம். மீதியைப் பகல் முழுவதும் சோலார் பலகை ஆற அமர நிரப்பும். 100 வாட் பலகை நல்ல வெயிலில் 5 ஆம்பியர் சொச்சம் கொடுக்கும், கடைசிக் கட்டத்துக்கு அது போதும். கடைசி மணி நேரங்களுக்காக ஜெனரேட்டரை ஓட்டுவது பெட்ரோலுக்கும் கேடு, பக்கத்துக் கூடாரத்தில் தூங்குபவர்களுக்கும் கேடு. வீடு திரும்பிய அன்று இரவே டிரெய்லரைக் கரண்டில் செருகிவிட வேண்டும். துணி துவைப்பதெல்லாம் அப்புறம்.

குளிர்காலத்தில்தான் நான் முதல் பேட்டரியை இழந்தேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிக்குத் தனி சுவிட்ச் கிடையாது. அதுவும் ரேடியோவும் சேர்ந்து நாளைக்கு ஏறக்குறைய 2 ஆம்பியர்-அவர் குடித்திருக்கின்றன. 80 ஆம்பியர்-அவர் பேட்டரி, நாற்பது நாளில் காலி. டிசம்பரில் மைனஸ் 28 அடித்த ஓர் இரவுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் ஆசிட் உறைந்து பேட்டரியின் பெட்டி பக்கவாட்டில் பிளந்திருந்தது. முழுச் சார்ஜில் இருக்கும் ஆசிட் மைனஸ் 50 வந்தாலும் உறையாது. பாதிச் சார்ஜில் மைனஸ் 20ஐ ஒட்டி உறையும். காலியாக இருந்தால் மைனஸ் 10 வருவதற்குள்ளேயே உறைய ஆரம்பித்துவிடும், கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தானே அது.

இப்போது அக்டோபரில் முழுச் சார்ஜ் போட்டு, கிராவிட்டி பார்த்து, மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, பேட்டரிகளைக் கராஜுக்கு எடுத்து வந்துவிடுகிறேன். ஒன்று 28 கிலோ, கைப்பிடிப் பட்டை இல்லாமல் தூக்காதீர்கள். மாதம் ஒருமுறை வோல்ட் பார்த்து 12.5க்குக் கீழே இருந்தால் ஒரு ராத்திரி சார்ஜரில் போடுவேன். டிரெய்லரிலேயே விட்டுவைப்பவர்கள் இரண்டு ஒயரையும் கழற்றி விடுங்கள். உறைந்துபோனதாகச் சந்தேகம் வந்தால் அதன் மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள், வெடித்துவிடும். சூடான இடத்தில் ஒரு நாள் முழுக்க வைத்து, பேட்டரியின் பெட்டி விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

ஏப்ரல் கடைசியில் திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். எந்த ஒயர் எதில் இருந்தது என்பதைக் கழற்றுவதற்கு முன்னாலேயே போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.