கடல் முள்ளெலி வளர்க்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

குமரி மாவட்டத்து முட்டம், கடியபட்டணம் பாறைகளுக்கு, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிற கடல் முள்ளெலியை (sea urchin) எடுக்க, இப்போதெல்லாம் வாளியும் கையுறையுமாக யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். பாதிப் பேர் கடல் உயிரியல் படிக்கிற பிள்ளைகள். மீதிப் பேர் ஜப்பான்காரர் முள்ளெலிக்குக் கொடுக்கிற விலையை வீடியோவில் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள். இரண்டு கூட்டமும் நான் முன்பு சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறது. முள் குத்தும், பாறை வழுக்கும், ஆனி ஆடிக் கடலில் இறங்காதே என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது இந்தக் கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கே தெரியும்.

நெம்பி எடுப்பது

நம் பாறைப் பொந்துகளில் நிறைய இருப்பது ஸ்டோமோப்நியூஸ்டெஸ் என்கிற கறுப்பு முள்ளெலி. கை பட்டது தெரிந்ததும் குழாய் மாதிரி இருக்கிற சின்னச் சின்னக் கால்களால் (குழாய்க்கால்) பாறையைப் பிடித்துக்கொண்டு, முள்ளை விரித்துப் பொந்துக்குள் இறுகிவிடும். முதல் தொடலிலேயே வழித்து எடுத்துவிட வேண்டும், தவறினால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதற்குக் குழாய்க்கால் அறுந்திருக்கும், ஓட்டில் கீறல் விழுந்திருக்கும். தொட்டிக்கு வந்த சில நாளில் முள் உதிர்ந்து சாகும், தண்ணீரையும் கெடுத்துவிட்டுத்தான் சாகும்.

வாளி நிறையத் தண்ணீர்

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இதுதான். கடல் உயிர்தானே, கடல் தண்ணீரிலேயே போட்டுக் கொண்டுபோனால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். ஒரு பெயிண்ட் வாளி, அதில் முக்கால்வாசித் தண்ணீர், உள்ளே முள்ளோடு முள் உரசிக்கொண்டு ஒரு குவியல், மேலே இறுக்கமாக மூடி. வண்டியின் முன்னால் வைத்து, பங்குனி வெயிலில் நாகர்கோவிலை நோக்கிப் பயணம்.

வழியில் என்ன நடக்கிறது? தண்ணீர் சூடேறுகிறது, குலுங்குகிறது, ஆக்சிஜன் குறைகிறது. இந்த அதிர்ச்சியில் ஏதாவது ஒன்று விந்தையோ முட்டையையோ வெளியே விட்டுவிடும். ஆண் எது பெண் எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் பிரித்து வைக்கவும் வழியில்லை. அப்புறம் அந்தத் தண்ணீரே மற்றவற்றுக்குச் சைகை. ஒன்று விட்டதும் பக்கத்தில் பழுத்த நிலையில் இருக்கிற மற்றதும் விட ஆரம்பிக்கும். மூடியைத் திறந்தால் வாளி கஞ்சித் தண்ணீராக இருக்கும். அது அழுகத் தொடங்கினால் மிச்சமிருந்த ஆக்சிஜனும் போச்சு.

சமீபத்தில் வந்த ஒரு கல்லூரிக் கூட்டம் வெள்ளிச்சந்தையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியிருக்கிறது, வாளி வெயிலில். போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் போட்டு, “சார், பாதி செத்துப்போச்சு, ஆனா பாதி உயிரோட இருக்கு” என்று ஆறுதலாகச் சொன்னார்கள். அந்த உயிரோடு இருக்கிற பாதிதான் பெரிய ஏமாற்று. முட்டையையும் விந்தையும் வெளியே வரவைக்க ஊசி மேல் ஊசி போட்டாலும் அதிலிருந்து ஒன்றும் வராது, எல்லாம் வழியிலேயே கொட்டிவிட்டது. முட்டையும் விந்தும் உண்டாகிற இனப்பை மறுபடி நிறைய மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் பருவமே போய்விடும். செத்ததை மறுநாளே வந்து எடுத்துக்கொள்ளலாம், பருவத்தை எங்கே போய் எடுப்பது?

இத்தனைக்கும் வழி ரொம்பச் சுலபம். தண்ணீரே வேண்டாம். தெர்மோகோல் பெட்டியில், கடல் நீரில் நனைத்த துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, இடையில் அதே பாறையில் முளைத்த கடற்பாசியை வைத்து அடுக்குங்கள். ஒன்று விட்டாலும் பக்கத்தில் இருப்பதற்குத் தெரியாது. ஐஸை பாட்டிலில் உறைய வைத்து, காகிதம் சுற்றி ஓரத்தில் வையுங்கள். உருகிய நல்ல தண்ணீர் மேலே பட்டால் அதுவே விஷம். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். கடியபட்டணத்தில் சிப்பி எடுக்கிற ஒரு பெரியவர் அந்தப் பிள்ளைகளிடம் கிளம்பும்போதே கேட்டார்: “மக்களே, சிப்பிய நாங்க நனஞ்ச சாக்குலதான கொண்டு போறோம், இத மட்டும் எதுக்கு நீச்சலடிக்க விடுதிய?” சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

விந்தை அள்ளி ஊற்றுவது

லிட்டருக்கு 37 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த 0.5 மோலார் கரைசலை, வாயைச் சுற்றியுள்ள மெல்லிய தோல் வழியாக ஊசி போட்டுவிடுகிறார்கள், அதில் குறையில்லை. அடுத்ததாக, நிறைய ஊற்றினால் நிறையக் கருத்தரிக்கும் என்று கெட்டி விந்தை அப்படியே முட்டை மேல் கவிழ்ப்பதுதான் பிரச்சினை. ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுதான் போக வேண்டும். பல புகுந்தால் முட்டை இரண்டாகப் பிளக்காமல் ஒரே அடியாக மூன்று நான்கு துண்டாகப் பிரியும், அந்தக் கரு தேறாது. ஒரு துளியைக் கடல் நீரில் நன்றாகக் கரைத்து, அதிலிருந்து கொஞ்சம் விடுங்கள். நுண்ணோக்கியில் முட்டையைச் சுற்றி, விந்தணு புகுந்ததற்கு அடையாளமான உறை எழும்பிவிட்டதா என்று பாருங்கள். உறை எழும்பியதாலேயே எல்லாம் சரி என்று படுக்கப் போய்விடாமல், முதல் பிளவையும் இருந்து பாருங்கள்.

ஆற்றுமுகத் தண்ணீர்

மணக்குடியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மோட்டார் வைக்க வசதி என்று அங்கே தண்ணீர் எடுக்காதீர்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆறு கலக்காத மாதம் குறைவு. முள்ளெலிக்கு உடம்பின் உப்பைச் சரிக்கட்டிக்கொள்ளத் தெரியாது. நட்சத்திர மீன், கடல் அட்டை உட்பட அந்தக் குடும்பம் முழுக்க ஒன்றுகூட நன்னீரில் இல்லை. கடல் உப்பு ஆயிரத்துக்கு 35 பக்கம் இருக்க வேண்டும். உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்காமல் நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தீனி

சாயங்காலம் போடுங்கள், காலையில் மிச்சத்தை அள்ளுங்கள்.

கூடவே கடல் அட்டை

தொடாதீர்கள். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

வாங்க ஆள் பார்க்காமல் தொட்டி கட்டுவது

பெரிய சந்தை ஜப்பானில். பிடிப்பதில் சிலி முன்னால் நிற்கிறது. குளச்சலில் ஏலத்துக்கு வைத்தால் யாரும் விலை கேட்கக்கூட மாட்டார்கள். ஓட்டுக்குள் தின்பதற்கு இருப்பது ஐந்து இனப்பை மட்டும்தான், அதுவும் பருவம் தவறினால் ஒன்றுமில்லை. படிக்க, ஆராய்ச்சிக்கு என்றால் வளருங்கள். கடன் வாங்கி வேண்டாம்.

தகட்டைத் தேய்த்துக் கழுவுவது

கீட்டோசெராஸ் என்கிற நுண்பாசி கொடுத்துச் சில வாரம் புளூட்டியஸ் என்கிற நீந்தும் லார்வாவைக் காப்பாற்றிவிட்டு, கடைசியில் அது வந்து உட்கார, பளபளவென்று தேய்த்த தகட்டைத் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். உட்கார்ந்த குஞ்சுக்குக் கடற்பாசியைக் கடிக்கத் தெம்பு கிடையாது, தகட்டில் படிந்த டயட்டம் என்கிற நுண்பாசிப் படலம்தான் அதற்குச் சோறு. லார்வா உட்காருவதற்கு இரண்டு வாரம் முன்பே தகடுகளை வடிகட்டிய கடல் நீரில், வெளிச்சம் படுகிற இடத்தில் போட்டு டயட்டம் விதைத்து வையுங்கள். பழுப்பாக வழுவழுப்பு வந்த தகடுதான் நல்ல தகடு, அதை யாரும் கழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.