டூல் பிடிப்பில் நடக்கும் தவறுகள்: கொலெட் முதல் லேத் வரை

எண்ட்மில், அதாவது சுழன்று உலோகத்தை வெட்டும் டூல், உடைந்தால் முதல் பழி அதன் மேல்தான் விழும். "அண்ணே, இந்த பிராண்ட் சரியில்ல, பழையதையே வாங்கச் சொல்லுங்க" என்று ஓப்பரேட்டர் வந்து நிற்பார். அடுத்த பழி புரோகிராம் எழுதியவர் மேல். டூலைப் பிடித்திருந்த கொலெட்டையும் (டூலின் தண்டைச் சுற்றிக் கவ்வும் பிளவுபட்ட வளையம்) அதைத் தாங்கும் ஹோல்டரையும் கழற்றிப் பார்க்கிறவர்கள் குறைவு.

பினாங்கில் இதை விரிவாகப் பேசக் காரணம் இருக்கிறது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கிய பிறகு, அங்குள்ள மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஜிக், ஃபிக்ஸர், அச்சு, இயந்திர பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகள் தீவிலும் பெருநிலத்திலும் பெருகின. பிறை, புக்கிட் மின்யாக், சிம்பாங் அம்பாட் பக்கத்துப் பட்டறைகளில் நம் பிள்ளைகள் பலர் கணினி இயக்கும் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறார்கள். வேலையைப் பெரும்பாலும் மூத்தவர் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம் அப்படித்தான் கைமாறுகிறது, கெட்ட பழக்கமும் அப்படித்தான்.

அந்தக் கெட்ட பழக்கங்களுக்கெல்லாம் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது: பலமாக முறுக்கினால் டூல் கெட்டியாக நிற்கும் என்பது. டூலைப் பிடிப்பது முறுக்கிய கை அல்ல, ஒன்றோடொன்று முழுதாக ஒட்டி நிற்கும் உலோகப் பரப்புகள்தான். அந்தப் பரப்பில் அழுக்கோ, அளவு வித்தியாசமோ, தேய்மானமோ இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு வராது.

கொலெட்டை எங்கே முதலில் வைக்கிறீர்கள்?

ஈ.ஆர். வகை கொலெட் இன்று எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. அதில் மிக அதிகமாக நடக்கும் தவறு, கொலெட்டை நேராக ஹோல்டருக்குள் போட்டு, மேலே நட்டை வைத்துத் திருகுவது. பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், டூலும் பிடித்த மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த நட்டின் உள்ளே ஒரு விளிம்பு இருக்கிறது. கொலெட்டின் மேல்பக்கம் ஒரு பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தில் விளிம்பு உட்கார்ந்தால்தான் நட் கொலெட்டை நேராக அழுத்தும், கழற்றும்போது வெளியே இழுக்கும்.

சரியான முறை இது. நட்டைக் கையில் எடுங்கள். கொலெட்டைச் சற்றுச் சாய்த்து, பள்ளத்தின் ஒரு பக்கத்தை விளிம்பில் மாட்டி, மறுபக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். 'க்ளிக்' என்று உட்காரும். நட்டின் முகமும் கொலெட்டின் முகமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வந்துவிடும். அதன் பிறகுதான் நட்டை ஹோல்டரில் ஓரிரு சுற்று திருகி, டூலை உள்ளே விட்டு, முழுதாக இறுக்க வேண்டும். டூல் இல்லாமல் வெறும் கொலெட்டை இறுக்கவே கூடாது. அளவுக்கு மீறி நசுங்கினால் கொலெட்டின் வடிவமே கெட்டுப்போகும்.

க்ளிக் கேட்காமல் இறுக்கினால் கொலெட் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும், டூல் ஆட்டம் போடும். விளிம்பும் நசுங்கும். கழற்றும்போது நட் மட்டும் கையில் வந்து, கொலெட் ஹோல்டருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை எடுக்கச் சுத்தியலால் தட்டுவார்கள். அங்கே இன்னொரு சேதம் ஆரம்பிக்கிறது.

அளவு விஷயத்திலும் இதே கதைதான். பெரும்பாலான ஈ.ஆர். கொலெட்டில் 12-11, 13-12 என்று இரண்டு எண் பொறித்திருக்கும். 12 மி.மீ. எண்ட்மில்லுக்கு 12-11 கொலெட்டைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் 12 அதன் முழு அளவு. 13-12 கொலெட்டிலும் 12 மி.மீ. ஷேங்க் (டூலின் தண்டு) நுழையும், இறுகவும் செய்யும். ஆனால் 1 மி.மீ. சுருங்கிய கொலெட் ஷேங்கோடு முழு நீளத்துக்கும் ஒட்டாது, நண்டுக் கொடுக்கு மாதிரி நுனியில் மட்டும்தான் கவ்வும். ட்ரில் போட அது போதும். பக்கவாட்டில் விசை வாங்கும் எண்ட்மில்லுக்குப் போதாது.

ஷேங்க் கொலெட்டின் நீளத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். ஆழமான பாக்கெட் (குழி) வெட்ட எட்டவில்லை என்று டூலை வெளியே இழுத்துவிடும்போது இந்த விதிதான் முதலில் மீறப்படுகிறது. அப்படிப் பிடித்தால் கொலெட்டின் வாய் புனல் மாதிரி விரிந்துவிடும். அதற்கப்புறம் அந்தக் கொலெட்டில் எந்த டூலைப் போட்டாலும் ஆடும். கொலெட் நிரந்தரச் சொத்து அல்ல, தேயும் பொருள். ஒரு செட் வாங்கிப் பத்து வருஷம் ஓட்டலாம் என்று நினைக்கும் முதலாளிகளுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். கொலெட்டில் மிச்சம் பிடிக்கிற காசு கார்பைடு டூல் வாங்குவதில் போய்விடும்.

நட்டை எவ்வளவு இறுக்குவது? ஈ.ஆர். 32க்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்ச அளவு சுமார் 136 நியூட்டன் மீட்டர். 300 மி.மீ. நீள ஸ்பேனரின் முனையில் கிட்டத்தட்ட 46 கிலோ எடையை வைக்கிற விசை அது. சாதாரணமாகக் கையால் இழுக்கிறவர்கள் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. ஈ.ஆர். 16க்கோ உச்ச அளவு 56தான், மெல்லிய டூலுக்கும் மினி நட்டுக்கும் அதைவிடக் குறைவு. அதைத்தான் பைப் மாட்டி முறுக்குகிறார்கள். பெரியதில் குறையாகவும் சிறியதில் மிகையாகவும் இறுக்கும் இந்தப் பழக்கத்தை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றாலேயே நிறுத்த முடியும். நட்டின் திருகில் ஒரு துளி எண்ணெய் இருக்கலாம். கொலெட்டின் உள்ளேயும் ஷேங்கிலும் எண்ணெய் கூடவே கூடாது.

டூல் கீழே இறங்கிய தடயம்

வெட்டிக்கொண்டிருக்கும்போதே எண்ட்மில் கொலெட்டிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வருவதைப் பல பேர் நேரில் கண்டிருக்க மாட்டார்கள். தடயத்தைத்தான் பார்ப்பார்கள்: பாக்கெட்டின் அடித்தளம் ஆரம்பத்தில் சரியான ஆழம், முடிவில் 0.1 அல்லது 0.2 மி.மீ. கூடுதல் ஆழம். உடனே ஆஃப்செட்டை (மெஷினில் பதிந்த டூல் நீள அளவு) திருத்திவிட்டு அடுத்த பாகத்தைப் போடுவார்கள். அதுவும் தப்பும்.

எண்ட்மில்லின் சுருள் வெட்டுப்பள்ளம் சிப்பை மேலே தள்ளும்போது, டூலைக் கீழே, அதாவது பொருளை நோக்கி, இழுக்கிறது. அதோடு அதிர்வும் சேர்ந்தால், எண்ணெய் பட்ட ஷேங்க் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். சுருள் கோணம் கூடக்கூட இழுப்பும் கூடும். சந்தேகம் வந்தால் மார்க்கர் பேனாவால் ஷேங்கும் கொலெட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒரு பாகம் முடிந்ததும் பார்த்தால் கோடு நகர்ந்திருக்கிறதா, சுழன்றிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கனமான ரஃபிங்குக்கு (நிறையப் பொருளை வெட்டியெடுக்கும் முதல் வெட்டு), ஷேங்கின் பக்கத்தில் தட்டையான வெட்டு உள்ள வெல்டன் வகை எண்ட்மில்லும் அதற்குரிய பக்க ஸ்க்ரூ ஹோல்டரும் நம்பகமானவை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டூலை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு ஸ்க்ரூவை லேசாகத் தொடவிட்டு, டூலை மெல்ல வெளிப்பக்கம் இழுங்கள். தட்டையின் பின்விளிம்பு ஸ்க்ரூவில் முட்டியதும் இறுக்குங்கள். இனி அது வெளியே வர வழியில்லை. தட்டை இல்லாத உருண்டை ஷேங்கை இந்த ஹோல்டரில் போட்டு ஸ்க்ரூவால் அழுத்துவது பெரிய தவறு. ஸ்க்ரூ ஒரு புள்ளியில்தான் தொடும், நழுவத்தான் செய்யும். ஷேங்கில் விழுந்த வடு அந்த டூலை இனி எந்தக் கொலெட்டிலும் போட முடியாமல் ஆக்கிவிடும்.

0.02 என்ன செய்துவிடும்?

டூல் சுழலும்போது அதன் முனை மையத்தை விட்டு ஆடுவதை ரன்னவுட் என்கிறோம். "0.02தானே" என்று விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பல் எண்ட்மில், ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ. ஃபீட் (முன்னேற்றம்). டயல் கேஜில் 0.02 மி.மீ. ஆட்டம் பற்கள் இருக்கும் திசையிலேயே வந்தால், ஒரு பல் 0.05 வெட்டுகிறது, மற்றது 0.01தான் வெட்டுகிறது. ஒரு பல் சுமைக்கு மேல் சுமை தாங்கி உடைகிறது, மற்றது வெட்டாமல் உரசிச் சூடாகிறது. 2, 3 மி.மீ. டூல்கள் காரணமே தெரியாமல் உடைவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது நீட்டல். டூல் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதன் மும்மடிக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்ப வளைவு கூடும். 40 மி.மீ. நீட்டிய டூலை 50ஆக்கினால், அதே விசைக்கு வளைவு ஏறக்குறைய இரு மடங்கு. 30ஐ 60ஆக்கினால் எட்டு மடங்கு. "எதற்கும் இருக்கட்டும்" என்று 10 மி.மீ. கூட நீட்டி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தேவையான ஆழம், அதற்கு மேல் இடிக்காத அளவுக்குச் சிறு இடைவெளி, அவ்வளவு போதும்.

டேப்பர், புல் ஸ்டட், ஈரம்

பி.டி. 40 வகை ஹோல்டரின் டேப்பர் (கூம்பான பின்பகுதி), மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டலுக்குள் முழுப்பரப்பும் ஒட்ட வேண்டும். நடுவே ஒரு மெல்லிய சிப் சிக்கினால் ஹோல்டர் சாய்ந்துவிடும், அந்தச் சாய்வு டூல் முனையில் இன்னும் பெரிதாகத் தெரியும். ஏர் கன்னால் ஊதினால் போதும் என்பது தவறு. ஊதும்போது பறக்கும் கூலண்டும் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) தூளும் ஸ்பிண்டலுக்குள்ளேயே போய் ஒட்டும். சுத்தமான துணியால் டேப்பரைத் துடையுங்கள், பிறகு வெறும் விரலால் ஒரு தடவு தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். இது மெஷின் நின்றிருக்கும்போது மட்டும். ஓடும் ஸ்பிண்டல் பக்கம் கையுறையோடு போவது எந்த நிலையிலும் ஆகாது. துணியைச் சுழலும் டூல் பிடித்தால் கை பின்னாலேயே போகும்.

நம் ஊர் ஈரப்பதம் டேப்பருக்கு எதிரி. 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தொடும் காற்றில், கூலண்ட் காயாமல் ஸ்டாண்டில் நிற்கும் ஹோல்டர் வார இறுதிக்குள் துருப் புள்ளி பிடித்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து மெல்லிய துரு எண்ணெய் பூசுங்கள். திரும்ப மாட்டும்போது அதை முழுதாகத் துடைத்தெடுங்கள். சனிக்கிழமை ஓ.டி. முடிந்து போகும்போது ஸ்பிண்டலில் டூலை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூடாக இருந்த ஸ்பிண்டல் குளிர்ந்து சுருங்கும்போது ஹோல்டரைக் கவ்விக்கொள்ளும், திங்கள் காலை வெளியே வர மறுக்கும்.

ஹோல்டரின் வாலில் இருக்கும், மெஷின் பிடித்து இழுக்கும் புல் ஸ்டட்டை யாரும் கவனிப்பதில்லை. பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் தலையின் கோணம் 45 பாகை, 60 பாகை என்று வேறுபடும். ஜப்பான், தைவான் மெஷின்கள் கலந்து நிற்கும் பட்டறையில் ஒரு மெஷினின் ஹோல்டரை இன்னொன்றில் மாட்டுவது சகஜம். கோணம் தவறினால் பிடிக்கும் விரல்கள் ஓரத்தில் மட்டும் பற்றும். டூல் ஓட்டத்தில் ஸ்டட் உடைந்தால் ஹோல்டர் ஸ்பிண்டலை விட்டு விடுபடும், மெஷின் கதவு மூடியிருப்பதுதான் அப்போது காப்பு. ஸ்டட்டை அளவு மீறி இறுக்கினாலும் கேடுதான். டேப்பரின் சிறிய முனை லேசாக உப்பி, ஸ்பிண்டலில் சரியாக உட்காராது.

லேத், ட்ரில் சக், டேப்

பழைய மில்லிங் மெஷினில் ட்ரில் சக்கில் எண்ட்மில் மாட்டி ஸ்லாட் வெட்டுவதை இன்னும் பார்க்கிறேன். ட்ரில் சக் நேர்கீழ் விசைக்காகச் செய்தது. பக்கவாட்டில் தள்ளினால் சக் தன் டேப்பரிலிருந்தே கழன்று விழும். துளைக்குள் திருகு வெட்டும் டேப்பை வெறும் ட்ரில் சக்கில் பிடிப்பதும் வீண், அதன் சதுர முனையைப் பிடிக்கும் டேப் கொலெட் தனியாகவே இருக்கிறது. ஆர் 8 வகை ஸ்பிண்டலில் டூலைக் கழற்ற, டிராபாரை (டூலை மேலே இழுத்துப் பிடிக்கும் நீளத் தண்டு) ஓரிரு சுற்று மட்டும் தளர்த்தி பித்தளைச் சுத்தியலால் தட்டுங்கள். முழுதாகத் திருகிவிட்டுத் தட்டினால் கடைசித் திருகுகள் நசுங்கும், டூலும் டேபிள் மேல் விழும்.

கடைசல் இயந்திரமான லேத்தில் டூல் ஷேங்கின் உயரத்தைப் போல் ஒன்று, ஒன்றரை மடங்குக்கு மேல் வெளியே நீட்ட வேண்டாம். போரிங் பார் (துளையை உள்ளே குடையும் டூல்) எஃகில் இருந்தால் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு வரை, கார்பைடில் இருந்தால் ஆறு மடங்கு வரை தாங்கும். அதைத் தாண்டினால் கீச்சென்று கத்தும், வெட்டிய பரப்பில் அலை விழும். உயரம் சரிசெய்ய அடியில் வைக்கும் ஷிம் தகடு, டூல் போஸ்டின் விளிம்பு வரை நிற்க வேண்டும். பாதியில் நின்றால் டூலின் முன்பாதி அந்தரத்தில் இருக்கும். மடித்த தாளும் டின் துண்டும் வெட்டும் விசையில் நசுங்கி, மைய உயரத்தைக் கெடுத்துவிடும். டூலை இறுக்கும் ஸ்க்ரூக்கள் இரண்டையும் முழுதாக இறுக்க வேண்டும். ஒன்றோடு நிறுத்திவிட்டால் டூல் அந்த ஸ்க்ரூவைச் சுற்றித் திரும்பத் தொடங்கும்.

இதையெல்லாம் சரிபார்த்தும் புதுக் கொலெட்டில் புது டூல் நழுவுகிறது, டேப்பரில் சாக்லேட் நிற உரசல் தழும்பு தெரிகிறது என்றால், டிராபாரை இழுத்துப் பிடிக்கும் கிண்ண வடிவ ஸ்பிரிங்குகள் களைத்திருக்கலாம். ஆண்டுகள் போகப்போக அவை ஒவ்வொன்றாக விரிசல் விட்டு உடையும், இழுவிசை குறையும், மெஷின் அலாரம் எதுவும் தராது. விசை அளக்கும் கருவியை ஸ்பிண்டலில் மாட்டி, வரும் எண்ணை மெஷின் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடச் சொல்லி டெக்னீஷியனை அழையுங்கள். ஸ்பிரிங் மாற்றும் வரை அந்த மெஷினுக்கு ரஃபிங் வேலை கொடுக்காதீர்கள்.