பெயர் ஒன்றுதான், ஆள் வேறு

அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் ஒரே பாட்டி என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னவர் சங்க காலத்தவர். பின்னவர் சோழர் காலத்தவர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நடுவில் ஆயிரம் ஆண்டு இடைவெளி. நெல்லிக்கனி ஆயுளைக் கூட்டும்தான், அதற்காக இவ்வளவா? மொழியைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். புறநானூற்று ஔவையை உரை இல்லாமல் படிப்பது கஷ்டம். ஆத்திசூடி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே வாயில் நுழையும். ஒரே பெயரில் இரண்டு செய்தி கிடைத்தால் அவசரப்பட்டு ஒருவர் தலையில் கட்டாமல், காலம் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த தவறு, குடும்பப் பெயரை வைத்து உறவு கட்டுவது. இந்திரா காந்தி மகாத்மாவின் சொந்தம் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. அவர் நேருவின் மகள். 1942இல் பெரோஸ் காந்தியை மணந்ததால் வந்த பெயர் அது.

ஊர்ப் பெயரில் ஏமாந்தால் காசும் போகும். கலிபோர்னியாவில் ஒரு சான் ஓசே இருக்கிறது, கோஸ்டா ரிகாவின் தலைநகரும் சான் ஓசேதான். விமான நிலையக் குறியீட்டில் முன்னது எஸ்ஜேசி, பின்னது எஸ்ஜேஓ. கடைசி ஓர் எழுத்துதான் வேறு! டிக்கெட் போடும்போது ஊர்ப் பெயரோடு நிற்காமல் நாட்டின் பெயரையும் இந்தக் குறியீட்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சிட்னியும் அப்படித்தான், ஆஸ்திரேலியாவில் ஒன்று, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒன்று.

பெயர் ஒன்றாக இருந்தால் பிறந்த கதையும் ஒன்று என்று எண்ணுவதும் சரியில்லை. அமெரிக்க மாநிலமான ஜார்ஜியாவுக்குப் பெயர் தந்தவர் இரண்டாம் ஜார்ஜ் மன்னர். ஜார்ஜியா நாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அந்நாட்டு மக்கள் தம் நாட்டைச் சகார்ட்வெலோ என்கிறார்கள்.

அப்புறம், நம் எழுத்தே சில இரட்டையரைப் பெற்றுத் தரும். இந்தோனேசியத் தீவும் பாலி, பௌத்த நூல்களின் மொழியும் பாலி. ஒலிப்பு வேறு, எழுத்து ஒன்று. 'பாலி தீவு', 'பாலி மொழி' என்று எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

வின்ஸ்டன் சர்ச்சில் இதைச் சரியாகக் கையாண்டார். அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு நாவலாசிரியர், அப்போது அவர்தான் அதிகப் பிரபலம். 1899இல் ஆங்கிலேயச் சர்ச்சில் அவருக்குக் கடிதம் எழுதினார்: குழப்பம் வேண்டாம், இனி என் எழுத்துகளில் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்றே போட்டுக்கொள்கிறேன் என்று. அந்த ஸ்பென்சர் பின்னாளில் சுருங்கி நடுவில் ஓர் எழுத்தாக அவர் புத்தக அட்டைகளில் நின்றது.